அயல்நாட்டுப் பயணமும் இ-சிம்மும்

அயல்நாட்டு விமான நிலையம் ஒன்றில் இறங்கும் இந்தியப் பயணிக்கு, முன்பெல்லாம் முதலில் தேவைப்பட்டது அந்நாட்டு நாணயம். இன்று அதற்கும் முன்னதாகத் தேவைப்படுவது இணையத் தொடர்பு. வாடகை வண்டியை அழைக்கவும், தங்குமிடத்தின் முகவரியைக் கண்டறியவும், வந்து சேர்ந்த செய்தியை வீட்டாருக்குத் தெரிவிக்கவும் கைப்பேசியையே நம்பியிருக்கிறோம். சவூதி அரேபியாவுக்குப் புனிதப் பயணம் மேற்கொள்வோர் மதீனாவில் ரவ்தா பகுதியில் தொழுவதற்கான அனுமதியைக்கூட ‘நுசுக்’ என்னும் செயலி வழியாகவே பெற வேண்டியுள்ளது. ஆயினும், ஊரில் தடையின்றி இயங்கிய அதே கைப்பேசி எல்லையைக் கடந்ததும் ஒன்று ஊமையாகிவிடுகிறது; அல்லது எதிர்பாராத கட்டணத்தை விளைவிக்கிறது. இதற்கு மாற்றாக அண்மை ஆண்டுகளில் பரவிவரும் ஏற்பாடே இ-சிம். அதன் இயல்பு யாது, அதனால் கட்டணம் எவ்வாறு குறைகிறது, நம் நாட்டில் அதற்குள்ள சட்ட நிலை என்ன என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

சிம் அட்டையின் பணி

சிம் அட்டையைக் கைப்பேசி எண்ணின் இருப்பிடம் என்றே பலர் கருதுகின்றனர். உண்மையில் அதில் அடிப்படையாக இருப்பவை இரண்டு. ஒன்று, சந்தாதாரரின் பன்னாட்டு அடையாள எண். பெரும்பாலும் 15 இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405 ஆகியவை ஒதுக்கப்பட்டுள்ளன. அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். எஞ்சியவை தனியொரு சந்தாதாரருக்கு உரியவை. மற்றொன்று, 128 பிட் நீளமுள்ள இரகசியத் திறவுகோல். இதன் படி சிம்மிலும், அதனை வழங்கிய நிறுவனத்தின் கணிப்பொறியிலும் மட்டுமே உண்டு.

கைப்பேசி இணைப்பைக் கோரும்போது வலையமைப்பு ஒரு தற்போக்கு எண்ணை அனுப்புகிறது. சிம் தன் திறவுகோலைக் கொண்டு அந்த எண்ணைக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. விடை பொருந்தினால் இணைப்பு கிடைக்கும். திறவுகோல் ஒருபோதும் காற்றில் பயணம் செய்வதில்லை. கையொப்பமிட்டுக் காட்டுவது போன்ற இம்முறையில், கையொப்பமிடும் கை மட்டும் எவர் கண்ணிலும் படுவதில்லை எனலாம்.

பின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்காக ஜெர்மனியின் கீசெக்கே உண்டு டெவ்ரியண்ட் நிறுவனம் 1991-ல் முதல் சிம் அட்டைகளைத் தயாரித்தளித்தது. அன்றைய சிம், இன்றைய வங்கி அட்டையின் அளவினது: 85.6 மில்லிமீட்டர் நீளம், ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் அகலம். பின்னர் அது 25-க்கு 15 என்றும், 15-க்கு 12 என்றும், 2012-ல் 12.3-க்கு 8.8 மில்லிமீட்டர் என்றும் சுருங்கியது. சுருங்கியது பிளாஸ்டிக் மட்டுமே. உள்ளிருந்த சில்லு செய்யும் வேலை அதுவேயாகும். அட்டையை அறவே நீக்கிவிட்டுச் சில்லைக் கருவியிலேயே பற்றவைத்துவிடலாமே என்ற எண்ணம் இதன் தொடர்ச்சியாக எழுந்ததே.

ரோமிங் கட்டணம் ஏன் உயர்கிறது?

இந்தியச் சிம் ஒன்று டோக்கியோ நகரில் இயங்கத் தொடங்கும்போது, அங்குள்ள வலையமைப்பு அதன் முதல் இலக்கங்களைக் கொண்டு அது இந்தியாவைச் சேர்ந்தது என அறிகிறது. அதனிடம் திறவுகோல் இல்லை. ஆகவே, பன்னாட்டு இணைப்புகள் வழியாக இந்திய நிறுவனத்தைக் கேட்டு, ஒரு வினாவையும் அதற்குரிய சரியான விடையையும் பெற்றுக்கொள்கிறது. சோதனை முடிந்ததும் இணைப்பை அளிக்கிறது. பயணி பயன்படுத்திய அளவைக் கணக்கிட்டு, இரு நிறுவனங்களும் முன்னரே செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்திய நிறுவனத்திடம் மொத்த விலையில் தொகையை வசூலிக்கிறது. இந்திய நிறுவனம் அதன்மேல் தன் பங்கைச் சேர்த்துப் பயணியிடம் வசூலிக்கிறது.

இந்த இரண்டு அடுக்கு விலையில்தான் சிக்கல் உள்ளது. ஜப்பானிய நிறுவனம் இந்திய நிறுவனத்திடம் பெறும் மொத்த விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு இல்லை. ஜப்பானிய அரசுக்கோ, வெளிநாட்டுப் பயணி செலுத்தும் தொகை குறித்துக் கவலைப்பட வேண்டிய கட்டாயம் இல்லை. இரு நாட்டு அதிகாரங்களுக்கும் இடைப்பட்ட வெளியில் விலை நிர்ணயிக்கப்படுகிறது. அலைவரிசையை இயக்குவதற்கு ஆகும் உண்மைச் செலவுக்கும் இவ்விலைக்கும் தொடர்பு மிகக் குறைவு.

இதனை மெய்ப்பிக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுபவத்தைக் காட்டலாம். 2007 முதல் ரோமிங் கட்டணங்களுக்கு உச்சவரம்பு விதித்துவந்த ஒன்றியம், 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்குள் கூடுதல் கட்டணத்தை அகற்றியது. நியாயமான பயன்பாட்டு வரம்புக்குள், பாரிசில் வாங்கிய இணைப்பு ரோமில் பாரிஸ் விலைக்கே இயங்க வேண்டும். இது நடைமுறைக்கு வர, நிறுவனங்கள் தமக்குள் வசூலிக்கும் மொத்த விலைக்கும் வரம்பு விதிக்க வேண்டியிருந்தது. 2017-ல் ஒரு ஜிகாபைட்டுக்கு 7.70 யூரோவாக இருந்த அவ்வரம்பு, 2022-ல் 2 யூரோவாகக் குறைந்தது; 2027-ல் 1 யூரோவாகும் என விதிக்கப்பட்டுள்ளது. இந்த ஏற்பாடு 2032 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பல நாடுகளைக் கட்டுப்படுத்தவல்ல பொதுச் சட்டம் ஒன்று இருந்தமையால்தான் இது இயன்றது. சுவிட்சர்லாந்து அச்சட்டத்துக்கு வெளியே இருப்பதால், ஐரோப்பிய ரயிலில் செல்லும் பயணி அந்நாட்டின் எல்லைக்குள் நுழைந்ததும் கட்டண விதியும் மாறிவிடுகிறது. வளைகுடா ஒத்துழைப்பு நாடுகளும் 2016 முதல் தமக்குள் கட்டணங்களைக் குறைத்துக்கொண்டன. இந்தியப் பயணிக்கு இத்தகைய பொதுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. தன் நிறுவனம் விற்கும் தொகுப்புத் திட்டங்களையே அவர் நம்ப வேண்டியுள்ளது.

நம் ஆணையமும் இதில் வாளாவிருக்கவில்லை. கேட்டுப் பெற்றாலன்றி பன்னாட்டு ரோமிங் வசதி இயங்கக் கூடாது, பயன்பாடு 50, 80, 100 விழுக்காட்டை எட்டும்போது வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்பன போன்ற பரிந்துரைகளை 2020-ல் அது அளித்தது. அறியாமல் சேரும் கட்டணத்தை இவை தடுக்கும். மொத்த விலையை இவற்றால் தொட இயலாது.

தரவு செல்லும் வழி

கட்டணத்தைவிடக் குறைவாகவே கவனிக்கப்படும் செய்தி ஒன்று உண்டு. ரோமிங்கில் உள்ள கைப்பேசியின் தரவு, தங்கியிருக்கும் நாட்டிலேயே இணையத்தைச் சென்றடைவதில்லை. பெரும்பாலும் அது ஒரு மறைகுழாய் வழியே தாய் நிறுவனத்தின் வாயிலுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்தே இணையத்துள் நுழைகிறது. அந்த வாயில் தில்லியில் இருப்பதாகக் கொள்வோம். தில்லிக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர். டோக்கியோவில் உள்ள உணவகம் ஒன்றின் இணையப் பக்கத்தை அதே தெருவில் நிற்கும் பயணி திறந்தால், வேண்டுகோள் தில்லிக்கு வந்து, மீண்டும் டோக்கியோவுக்குச் சென்று, விடை தில்லிக்கு வந்து, இறுதியில் டோக்கியோவை அடைகிறது. நான்கு பயணங்கள், 23,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே வேறு தாமதம் எதுவுமின்றியே ஏறத்தாழ 0.12 நொடி கழிந்துவிடுகிறது. கடலடி இழைகள் நேர்கோட்டில் செல்வதில்லையாதலால் உண்மைத் தாமதம் இதனினும் மிகுதி. ஒரு பக்கத்தைத் திறக்க இத்தகைய பரிமாற்றங்கள் பல நிகழ வேண்டியிருப்பதால், குறியீடு முழுவதும் நிறைந்திருந்தும் இணையம் மந்தமாயிருப்பதன் காரணம் விளங்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு மற்றொரு விளைவும் உண்டு. சீனாவில் உள்ளூர் இணைப்பு வழியே திறக்காத அயல்நாட்டுச் சேவைகள் பல, அயல்நாட்டுச் சிம்மின் ரோமிங் வழியே திறந்துவிடுகின்றன. தரவு சீனாவுக்கு வெளியே சென்றே இணையத்தில் சேர்வதே இதற்குக் காரணம்.

இ-சிம் எவ்வாறு இயங்குகிறது?

இ-சிம் என்பது கருவியில் நிலையாகப் பொருத்தப்பட்ட பாதுகாப்புச் சில்லு. அதில் எந்த நிறுவனத்தின் அடையாளமும் தொடக்கத்தில் இருப்பதில்லை. அடையாள எண், திறவுகோல், அமைப்புகள் ஆகியவற்றைக் கொண்ட தொகுதியைச் சுயவிவரம் என்கின்றனர். இச்சுயவிவரம் இணையம் வழியே இறக்கப்பட்டுச் சில்லில் பதிவாகிறது. தேவை முடிந்ததும் அதனை அழித்துவிட்டு வேறொன்றைப் பதியலாம்.

காற்றில் ஒருபோதும் செல்லாத திறவுகோலை இணையத்தின் வழியே அனுப்புவது முரணாகத் தோன்றலாம். இதற்கு விடையாகவே உலகக் கைப்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ. நுணுக்கமான நெறிமுறை ஒன்றை வகுத்துள்ளது. ஒவ்வொரு சில்லுக்கும் 32 இலக்க அடையாள எண்ணும், உற்பத்தியின்போதே பதிக்கப்பட்ட மின்னணுச் சான்றிதழும் உண்டு. சுயவிவரங்களை வழங்கும் கணிப்பொறிக்கும் அத்தகைய சான்றிதழ் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்த்த பின்னர், அந்த ஒரு சில்லால் மட்டுமே பிரிக்க இயலும்படி சுயவிவரம் மறையாக்கம் செய்யப்பட்டு அனுப்பப்படுகிறது. இடைவழியில் எவரேனும் அதனைக் கைப்பற்றினாலும் வேறு கைப்பேசியில் பயன்படுத்த இயலாது. நாம் கைப்பேசியால் படிக்கும் கியூ.ஆர். கட்டத்தில் சுயவிவரம் இருப்பதில்லை. எந்தக் கணிப்பொறியை அணுக வேண்டும், அங்கு எந்த அடையாளச் சொல்லைக் காட்ட வேண்டும் என்னும் குறிப்பு மட்டுமே இருக்கிறது. அக்குறிப்பு பெரும்பாலும் ஒருமுறைக்கே செல்லும். இதனை அறியாதோர், வேலை செய்யவில்லை என்று இ-சிம்மை அழித்துவிட்டு மீண்டும் அதே கட்டத்தைப் படிக்க முயன்று ஏமாறுகின்றனர்.

மக்கள் பயன்பாட்டுக் கருவிகளுக்கான நெறிமுறை 2016-ல் வெளிவந்தது. முதலில் கைக்கடிகாரத்திலும், 2017-ல் கூகுளின் பிக்சல் 2 கைப்பேசியிலும், 2018-ல் ஆப்பிளின் கைப்பேசிகளிலும் இடம்பெற்றது. 2022-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபோன் 14 வகையில் சிம் அட்டைக்கான இடமே இல்லை. அங்குள்ள உறவினர் வாங்கி அனுப்பிய அத்தகைய கைப்பேசியைப் பயன்படுத்த விரும்புவோர் நம் ஊரிலும் இ-சிம்முக்கு மாறியே ஆக வேண்டும்.

பயண இ-சிம்மின் உள்ளடக்கம்

பல நாடுகளுக்கான இ-சிம்களை இணையத்தில் விற்கும் நிறுவனங்கள் இன்று ஏராளம். இவை பெரும்பாலும் சொந்தக் கோபுரங்கள் எதுவும் இல்லாதவை. ஏதேனும் ஒரு நாட்டில் உரிமம் பெற்றதும், உலகெங்கும் ரோமிங் ஒப்பந்தங்கள் கொண்டதுமான நிறுவனம் ஒன்றிடமிருந்து மொத்தமாகத் தரவை வாங்கி, நாள் கணக்கிலும் ஜிகாபைட் கணக்கிலும் பிரித்து விற்கின்றன. எனவே ரோமிங் கட்டணத்துக்கு அஞ்சிப் பயண இ-சிம் வாங்கியவரும் உண்மையில் ரோமிங்கிலேயே இருக்கிறார். வேறுபாடு, அவர் இந்தியச் சந்தாதாரராக அன்றிப் போலந்து அல்லது ஹாங்காங் சந்தாதாரராக ரோமிங் செய்கிறார் என்பதே. மொத்த அளவும் போட்டியும் விலையைக் குறைக்கின்றன.

இந்த உண்மையை அறிந்தால் சில குழப்பங்கள் தீரும். முதலாவது, அமைப்புகளில் உள்ள ‘டேட்டா ரோமிங்’ என்னும் விசை. கட்டணம் வந்துவிடும் என்ற அச்சத்தால் இதனை அணைத்தே வைக்கப் பழகியிருக்கிறோம். பயண இ-சிம்முக்கு அதனை இயக்கினால்தான் இணையம் வரும். இந்தியச் சிம்முக்கு மட்டும் அதனை அணைத்து வைக்க வேண்டும். இரண்டும் தனித்தனி விசைகள். இரண்டாவது, இணையதளங்கள் நம்மை வேறொரு நாட்டவராகக் கருதுவது. தாய்லாந்தில் இருக்கும் பயணிக்கு விலைகள் சிங்கப்பூர் நாணயத்தில் தோன்றலாம். அயல்நாட்டு முகவரியிலிருந்து வரும் இணைப்பு என்று வங்கிச் செயலி ஐயுறலாம். மூன்றாவது, பேச்சு. இத்தகைய இ-சிம்கள் பெரும்பாலும் தரவுக்கு மட்டுமே உரியவை. அவற்றில் கைப்பேசி எண் கிடையாது. உள்ளூர் வாடகை வண்டி ஓட்டுநர் நம்மைச் சாதாரண அழைப்பில் பிடிக்க இயலாது.

எல்லா நிலைகளிலும் பயண இ-சிம்மே சிக்கனமானது என்று கொள்வதற்கில்லை. பல மாதங்கள் தங்கவிருக்கும் மாணவரும் தொழிலாளரும் அந்நாட்டு நிறுவனத்திடமே இணைப்புப் பெறுவதே பொருத்தம். வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் உள்ளூர் எண் தேவைப்படும். ஓரிரு நாட்களே தங்குவோருக்கு இந்திய நிறுவனத்தின் ரோமிங் தொகுப்பே எளிதாக இருக்கலாம்; அதில் பேச்சும் அடங்கியிருக்கும். இடைப்பட்ட காலத்துக்கும், ஒரே பயணத்தில் பல நாடுகளைக் காண்போருக்கும் பயண இ-சிம் ஏற்றது. கப்பல் பயணத்துக்கு இவற்றுள் எதுவும் உதவாது. கரையை விட்டு நீங்கியதும் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பற்றிக்கொள்கிறது. அதன் கட்டணம் நிலத்து ரோமிங்கைவிடப் பன்மடங்கு. அங்கே விமான நிலையில் வைப்பதே காப்பு.

இந்தியாவில் சட்ட நிலை

இ-சிம் பயன்பாட்டுக்கான வழிகாட்டு நெறிகளைத் தொலைத்தொடர்புத் துறை 2018 மே திங்களில் வெளியிட்டது. நம் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்கு இ-சிம் வழங்குவதில் இன்று தடையேதும் இல்லை. அயல்நாட்டு நிறுவனத்தின் சிம்மை இந்தியாவில் விற்பது வேறு செய்தி. இந்தியாவிலிருந்து செல்வோருக்குப் பன்னாட்டு ரோமிங் சிம்களை விற்க விரும்பும் நிறுவனம் தொலைத்தொடர்புத் துறையிடம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வாங்குவோரின் கடவுச்சீட்டு முதலிய ஆவணங்களைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். 2024 சனவரியில், இச்சான்று பெறாத இரண்டு அயல்நாட்டு நிறுவனங்களின் செயலிகள் அரசின் கோரிக்கைப்படி இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன.

இதனை வணிகத் தடை என்று சிலர் குறை கூறினர். நம் நாட்டில் ஒவ்வோர் இணைப்பும் அடையாளம் சரிபார்க்கப்பட்ட ஒருவர் பெயரில் இருக்க வேண்டும் என்பது விதி. அயல்நாட்டில் வாங்கிய ரோமிங் இ-சிம் இந்தியாவுக்குள்ளும் இயங்குமாயின், யார் பெயரிலும் இல்லாத இணைப்பு ஒன்று இங்கே உலவும். குற்றம் புலனாய்வோர் இதனைக் கண்டு அஞ்சுவதில் நியாயம் உண்டு. அதே வேளையில், சில நூறு ரூபாய் சேமிக்க விரும்பும் மாணவரும் சுற்றுலாப் பயணியும் சான்று பெற்ற விற்பனையாளர் எவர், பெறாதவர் எவர் என எளிதில் அறிய வழி வேண்டும் என்பதும் நியாயமே. இத்தகவல் பயணிகளுக்குப் புரியும் வடிவில், அவர்தம் மொழியில், விமான நிலையங்களிலேயே காட்சிப்படுத்தப்படுவது நலம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இந்திய எண்ணைக் காப்பது

அயல்நாட்டில் இணையம் இல்லாமற் போவதைவிடப் பெரிய இடர், இந்திய எண் செயலற்றுப்போவது. வங்கிப் பரிமாற்றத்துக்கும், அட்டைக் கட்டணத்துக்கும், அரசுத் தளங்களில் நுழைவதற்கும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே வருகிறது. உள்ளூர்ச் சிம் வாங்கியதும் இந்தியச் சிம்மைக் கழற்றிப் பணப்பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அச்சிறு துண்டு தொலைந்ததால் கணக்கில் பணமிருந்தும் எடுக்க வழியின்றித் தவித்தோர் உண்டு. கல்விக் கட்டணம் செலுத்த வேண்டிய இறுதி நாளில் ஒரு மாணவர் இந்நிலையில் அகப்பட்டால் அவர் இழப்பது பணத்தை மட்டுமன்று.

இரண்டு இணைப்புகளை ஒருங்கே இயக்கும் கைப்பேசியில் இதற்குத் தீர்வு உண்டு. இந்தியச் சிம் அதன் இடத்திலேயே இருக்கும். தரவுக்கு மட்டும் பயண இ-சிம் பணிபுரியும். இந்திய இணைப்பில் பன்னாட்டு ரோமிங் வசதி புறப்படுமுன்னரே இயக்கப்பட்டிருக்க வேண்டும். முன்பணத் திட்டமாயின் அதன் காலவரையறை பயணத்துக்குப் பின்னரும் நீடிக்க வேண்டும். ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திகளுக்கு நம் நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டணம் பெறுவதில்லை. வரும் அழைப்பை ஏற்றால் கட்டணம் உண்டு என்பதை மறத்தலாகாது. ஒரு சிம்மில் தரவு கிடைக்காதபோது தானாகவே மற்றதற்கு மாறும் வசதி கைப்பேசியில் இருக்கும்; அதனை அணைத்து வைக்காவிடில், இ-சிம் வாங்கியும் இந்திய ரோமிங் கட்டணம் வந்து சேரும்.

இங்கே நாள் கணக்கு ஒன்று முக்கியமானது. பிளாஸ்டிக் சிம்மிலிருந்து இ-சிம்முக்கு மாறுவதும் சிம் மாற்றமாகவே கருதப்படும். மோசடியைத் தடுக்கும் பொருட்டு, சிம் மாற்றப்பட்ட எண்ணில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதியை நிறுத்தி வைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை 2022-ல் ஆணையிட்டது. விமானம் ஏறும் நாளன்று தன் இந்திய எண்ணை இ-சிம்முக்கு மாற்றுபவர், இறங்கிய இடத்தில் கடவுச்சொல் வராமல் திகைப்பார். மாற்றுவதாயின் சில நாட்களுக்கு முன்னரே மாற்றி, வங்கிச் செய்தி வருவதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். யு.பி.ஐ. செயலிகளும் இதையொட்டியவையே. அவற்றைப் புதிதாகப் பதிவு செய்யும்போது அதே சிம்மிலிருந்து குறுஞ்செய்தி வெளியே செல்ல வேண்டியிருப்பதால், அயல்நாட்டில் இருக்கும்போது செயலியை நீக்குவதும் கைப்பேசியை மாற்றுவதும் தவிர்க்கத்தக்கன.

பயண இ-சிம்மைப் பதிவதற்கும் இணையம் வேண்டும். அதனை வீட்டிலேயே பதிந்துகொள்வது நன்று. விமான நிலையத்துப் பொது இணைப்புகள் பல, நுழைவதற்கே கடவுச்சொல்லைக் குறுஞ்செய்தியில் அனுப்புகின்றன. பதிந்த நாளிலிருந்து காலவரையறை தொடங்குமா, அயல்நாட்டு வலையமைப்பைத் தொட்ட நாளிலிருந்து தொடங்குமா என்பது விற்பனையாளருக்கு விற்பனையாளர் மாறுபடும். வாங்குமுன் இதனைப் படித்தறிதல் வேண்டும். கைப்பேசியில் *#06# என அழுத்தினால் தோன்றும் எண்களிடையே 32 இலக்க இ.ஐ.டி. எண்ணும் இருந்தால் கருவி இ-சிம்முக்கு ஏற்றது.

எவருக்கு எட்டாதது?

இந்த எண் தோன்றாத கைப்பேசிகளே நம் நாட்டில் ஏராளம். இ-சிம் வசதி இங்கு விலையுயர்ந்த கருவிகளிலேயே முதலில் வந்தது; குறைந்த விலைக் கருவிகளில் அது இன்னும் பரவலாகவில்லை. வளைகுடா நாடுகளுக்குக் கட்டட வேலைக்குச் செல்லும் தொழிலாளர் கையில் இருப்பது இரண்டாம் வகையே. 2025-ஆம் ஆண்டு ஹஜ் பயணத்துக்கு இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 1,75,025. அவ்வாறு செல்வோரில் முதியோர் பலர். வழி தவறினால் தங்குமிடத்தைக் கண்டறிவது முதல் உதவி கோருவது வரை பயன்படும்படி ‘ஹஜ் சுவிதா’ என்னும் செயலியைச் சிறுபான்மையினர் நலத்துறை 2024-ல் வெளியிட்டது. இணையம் இன்றி அச்செயலியால் பெரும்பயன் இல்லை. இத்தகையோருக்கு இ-சிம்மின் நுட்பங்களைக் கற்பிப்பதைவிட, வேலை செய்யும் சிம் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, அது இயங்குகிறதா என்று ஒருவர் பார்த்து அனுப்புவதே உதவியாகும். சவூதி அரேபியாவில் சிம் பெறக் கைரேகைப் பதிவு தேவை என்பதையும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இ-சிம்மைக் கருவியாக்கும் மோசடி

அட்டையைக் கையால் தொடாமலே இணைப்பை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற இயலும் என்பது இ-சிம்மின் வசதி. மோசடிக்காரரும் அதையே நாடுகின்றனர். வாடிக்கையாளர் சேவை மையத்திலிருந்து பேசுவதாகக் கூறி, இணைப்பை மேம்படுத்த வேண்டும் என்றோ நிறுத்தப்படவிருக்கிறது என்றோ அச்சுறுத்தி, இ-சிம் கோரிக்கைக்கான ஒப்புதலை வாடிக்கையாளர் வாயிலாகவே பெறுகின்றனர். சற்று நேரத்தில் கையிலுள்ள சிம் செயலிழக்கும். அதன்பின் அந்த எண்ணுக்குரிய அழைப்புகளும், 24 மணி நேரத் தடை நீங்கியதும் குறுஞ்செய்திகளும் மோசடிக்காரரின் கைப்பேசியைச் சென்றடையும்.

ஊரில் இருப்பவர் தம் கைப்பேசியில் குறியீடு மறைந்ததைக் கண்டதும் ஐயுறுவார். அயல்நாட்டில் இருப்பவரோ ரோமிங்கின் வழக்கமான கோளாறு என்று எண்ணி இரண்டு நாள் காத்திருப்பார். பயண இ-சிம்மில் இணையம் தடையின்றி வந்துகொண்டிருப்பதால் இந்தியச் சிம்மின் மௌனம் கண்ணில் படாமலே போகலாம். ஆகவே நாளுக்கு ஒருமுறையேனும் இந்திய இணைப்பின் குறியீட்டைப் பார்ப்பது தேவை. இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930. இத்தகைய குறுகிய எண்களை அயல்நாட்டிலிருந்து அழைப்பது எளிதன்று என்பதால், வங்கியினதும் கைப்பேசி நிறுவனத்தினதும் முழுத் தொலைபேசி எண்களை நாட்டுக் குறியீடான 91 சேர்த்துத் தாளில் எழுதிக் கடவுச்சீட்டுடன் வைத்துக்கொள்ளலாம். முறையீட்டை உள்துறை அமைச்சகத்தின் தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்திலும் பதிவு செய்யலாம். வீட்டில் உள்ள ஒருவர் உடனே 1930-ஐ அழைப்பது அதனினும் விரைவானது. எனவே அந்த எண்ணைப் பயணி மட்டுமன்றி வீட்டில் இருப்போரும் அறிந்திருக்க வேண்டும்.